உப்புக் காற்று ஊரில் சைக்கிள் செயினுக்கு என்ன எண்ணெய்?

தினமும் சைக்கிளில் வேலைக்குப் போகிறவன் என்று தெரிந்ததும் பலரும் கேட்பது, "செயினுக்கு என்ன எண்ணெய் போடுறீங்க?" என்பதுதான். நான் உடனே பதில் சொல்வதில்லை. "வீடு எங்கே? ராத்திரி சைக்கிள் எங்கே நிக்குது?" என்று கேட்பேன். சென்னையில், பெசன்ட் நகரில் கடலுக்கு நாலு தெரு தள்ளி வாசலில் நிற்கும் சைக்கிளுக்கும், அம்பத்தூரில் மாடிப்படிக்கு அடியில் நிற்கும் சைக்கிளுக்கும் ஒரே எண்ணெய் சரிப்படாது. ஊர் ஒன்றுதான். ஆனால் செயினைத் தின்பது ஒரு பக்கம் உப்பு, இன்னொரு பக்கம் புழுதி.

நான் இருப்பது திருவான்மியூர். வேலை கிண்டி தொழிற்பேட்டையில். அடையாறு வழியாக சர்தார் படேல் சாலையைப் பிடித்துப் போய் வருகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் விடியும் முன்பே கிளம்பி ஈசிஆர் என்ற கடற்கரைச் சாலையில் முட்டுக்காடு வரை, மனசும் காலும் ஒத்துழைத்தால் மாமல்லபுரம் வரை. வேலைக்குப் போக ஒரு கியர் சைக்கிள், ஞாயிறுக்கு ஒரு ரோடு பைக், வீட்டில் அப்பாவின் பழைய ஹெர்குலிஸ் ஒன்று. மூன்றுக்கும் மூன்று விதமாகத்தான் எண்ணெய் போடுகிறேன். ஏன் என்று சொல்ல, செயினுக்குள் என்ன நடக்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

செயினின் ஒரு கண்ணியைக் கையில் எடுத்துப் பாருங்கள். உள்தட்டு இரண்டு, வெளித்தட்டு இரண்டு, அவற்றைக் கோக்கும் பின், அந்தப் பின்னைச் சுற்றிக் கழுத்து மாதிரி ஒரு வளையம், அதற்கு மேலே சுழலும் உருளை. பல்சக்கரத்தில் ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும் கண்ணி மடங்குகிறது. மடங்கும்போது உரசுவது பின்னும் அதைச் சுற்றிய வளையமும். எண்ணெய் வேண்டியது அங்கேதான். வெளியே பளபளவென்று தெரியும் தட்டுகளின் மேல் எண்ணெய் இருந்தால் துருப்பிடிக்காது, அவ்வளவுதான். ஓட்டத்துக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. அந்த வெளி எண்ணெயில் ஒட்டும் மணலும் புழுதியும் மெல்ல உள்ளே போய்ப் பின்னை அரைக்கத் தொடங்கும். ஆகவே நல்ல எண்ணெய் என்பது உள்ளே போகிற அளவுக்கு இளகியதாக இருக்க வேண்டும், போன இடத்தில் தங்கும் அளவுக்குக் கெட்டியாகவும் இருக்க வேண்டும். சந்தையில் இருக்கும் எல்லா பாட்டில்களும் இந்த இரண்டுக்கும் நடுவே எங்கோ ஓரிடத்தில் நிற்பவைதான்.

"செயின் நீண்டுபோச்சு" என்று கடைகளில் சொல்வார்களே, இரும்புத் தட்டு இழுபட்டு நீள்வதில்லை. ஒவ்வொரு பின்னும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய, நூற்றுப் பத்து சொச்சம் இடங்களில் விழுந்த அந்த மெல்லிய இடைவெளிகள் எல்லாம் சேர்ந்து மொத்த நீளமாகத் தெரிகிறது. இதை அளக்கத் தனிக் கருவி வேண்டாம், ஓர் அடி இரும்பு ஸ்கேல் போதும். ஒரு பின்னுக்கும் அடுத்த பின்னுக்கும் இடையே சரியாக அரை அங்குலம், அதாவது 12.7 மில்லிமீட்டர். ஸ்கேலின் தொடக்கத்தை ஒரு பின்னின் நடுவில் வைத்தால், புதுச் செயினில் அதற்கு அடுத்ததிலிருந்து எண்ணி 24-வது பின்னின் நடு 12 அங்குலக் கோட்டில் வந்து நிற்கும். அந்தக் கோட்டைத் தாண்டி ஓர் அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு போயிருந்தால் அரை சதவீதம் தேய்ந்துவிட்டது என்று பொருள். கியர் சைக்கிளில் அதோடு செயினை மாற்றிவிடுவது நல்லது. விட்டால் தேய்ந்த செயின், பின்சக்கரப் பல்சக்கரமான ஃப்ரீவீலின் பற்களையும் தன் அளவுக்குத் தேய்த்துக்கொள்ளும். பிறகு புதுச் செயின் போட்டாலும் மிதிக்கும்போது பல் மேல் ஏறிக் குதிக்கும். அப்புறம் செலவு செயினோடு நிற்காது.

இனி உப்பு. கடற்கரையோரம் இருப்பவர்களுக்கு இது தெரியும்: மழையே பெய்யாத மாதத்தில், முந்தின நாள் மாலை துடைத்து வைத்த சைக்கிளின் செயின் ஓரத்தில் காலையில் காவி நிறத்தில் ஒரு கோடு தெரியும். அலைத் திவலையில் வரும் உப்பு காற்றோடு வந்து எல்லாவற்றின் மேலும் படிகிறது. காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். சென்னையில் விடியற்காலை ஈரப்பதம் அந்த அளவைத் தாண்டுவது சர்வசாதாரணம். ஆக, வானம் காய்ந்திருந்தாலும் இங்கே செயின் நனைந்துதான் கிடக்கிறது, அதுவும் உப்புநீரில்.

இதனால்தான் பாட்டில் மேல் அச்சடித்த "மழை இல்லாத நாளுக்கு டிரை, மழைக்கு வெட்" என்ற வழிகாட்டலை அப்படியே எடுத்துக்கொள்ள முடிவதில்லை. லூப் என்றால் செயினுக்கு வைக்கும் மசகு. டிரை லூப் என்பது மெழுகையோ டெஃப்லானையோ சீக்கிரம் ஆவியாகும் திரவத்தில் கலந்தது. போடும்போது தண்ணீராக உள்ளே ஓடும். திரவம் ஆவியானதும் மெல்லிய உலர்ந்த படலம் மட்டும் மிஞ்சும். மண் ஒட்டாது, கைபட்டாலும் கறை குறைவு. ஆனால் துருவைத் தடுப்பதில் பலவீனம். திருவான்மியூரில் நான் அதைப் பங்குனி, சித்திரையில்கூட வேலைக்குப் போகும் சைக்கிளில் போட்டுப் பார்த்தேன். ஓட்டம் அருமை. ஆனால் இரண்டு நாள் எடுக்காமல் நிறுத்தினால் பின் தலைகளில் துருப்பொட்டு. அதே பாட்டிலை வாங்கிய அம்பத்தூர் நண்பர் அதைத் தவிர வேறெதையும் தொடுவதில்லை. தொழிற்பேட்டைச் சாலைகளில் லாரிகள் கிளப்பும் புழுதியில் அவருக்கு அதுதான் சரி. கடல் அவர் வீட்டிலிருந்து எவ்வளவோ தூரம்.

அப்படியானால் கடலோரத்துக்கு எது? காயாமல் எண்ணெயாகவே நிற்கும் வெட் லூப்தான், ஆனால் அந்த வகையில் இளகியது. தேன் மாதிரி கெட்டியாக வரும் வெட் லூப்கள் தொடர்மழைக்கும் சேற்றுக்கும் என்று செய்யப்பட்டவை. நம் ஊரில் வருடத்தில் பெரும்பகுதி அவை மணலைப் பிடித்துக் கறுப்புக் களிம்பாகிவிடும். பாட்டிலைச் சாய்த்தால் சொட்டு சட்டென்று விழ வேண்டும், நூலாக இழுக்கக் கூடாது. கடையில் வாங்கும்போது நான் பார்ப்பது இதை ஒன்றைத்தான். பெயரையோ விலையையோ பார்ப்பதில்லை.

வீட்டில் இருக்கும் எண்ணெய்களைப் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய், சமையல் எண்ணெய் எதுவும் வேண்டாம். போட்ட அன்று சத்தம் நின்றுவிடும், அதனால் வேலை செய்கிறது என்று தோன்றும். பல சமையல் எண்ணெய்கள் காற்றுபட்டு நாளடைவில் பிசினாக இறுகும். பலகாரம் சுட்ட வாணலியின் வெளிப்புறத்தில் படியும் அதே பழுப்புப் பிசுக்குதான். தேங்காய் எண்ணெய் அவ்வளவு சீக்கிரம் பிசினாகாது, ஆனால் மார்கழிக் காலையில் உறைந்து நிற்கும், மணலும் ஒட்டும். தையல் மெஷின் எண்ணெய் வேறு ரகம். அது சுத்தமான இளகிய கனிம எண்ணெய், பின்னுக்குள் நன்றாகவே போகும். நீண்ட நாள் தங்காது, ஒரு மழையில் போய்விடும். ஆனாலும் வாரம் ஒருமுறை துடைத்துப் போடப் பொறுமை உள்ளவருக்கு, குறைந்த செலவில் அதைவிட நல்லது கிடைக்காது. பள்ளிக்கூடப் பிள்ளைகளின் சைக்கிளுக்கு நான் சொல்வது அதைத்தான்.

பைக்கில் இருந்து வடித்த பழைய இன்ஜின் ஆயிலைச் செயினில் ஊற்றும் பழக்கம் இன்னும் இருக்கிறது. அந்த ஆயில் கறுத்திருப்பது கரியாலும் தேய்ந்த உலோகத் துகளாலும். தேய்மானத்தைத் தடுக்க வேண்டிய இடத்தில் தேய்ந்த துகளையே கொண்டுபோய் விடுகிறோம். போதாததற்கு அது தோலுக்கும் கெடுதல். புது ஆயில் என்றால் கதை வேறு, அதற்குப் பிறகு வருகிறேன். கிரீஸ் வேண்டவே வேண்டாம். கண்ணிக்குள் அது தானாகப் போகாது, வெளியே அப்பிக்கொண்டு மண்ணைச் சேர்க்கும். புதுச் செயின் ஆலையிலிருந்து வரும்போதே உள்ளே கிரீஸ் இருக்குமே என்றால், அது ஆலையிலேயே கண்ணிக்குள் போகும்படி ஏற்றியது. பிறகு விரலால் தடவுவதும் அதுவும் ஒன்றல்ல.

மோட்டார் பைக் செயின் ஸ்பிரேவும் இங்கே பலர் கையில் இருக்கிறது. பல பைக் செயின்களில் உள்தட்டுக்கும் வெளித்தட்டுக்கும் நடுவே ரப்பர் வளையம் இருக்கும். கிரீஸ் உள்ளேயே அடைபட்டிருக்கும். ஸ்பிரே அந்த ரப்பரையும் வெளி உருளையையும் காக்கத்தான். வேகத்தில் தெறிக்காமல் இருக்க நன்றாக ஒட்டும்படி செய்திருப்பார்கள். சைக்கிள் செயினில் ரப்பர் வளையம் கிடையாது, அந்த வேகமும் கிடையாது. ஒட்டும் குணம் மட்டும்தான் மிஞ்சும். டிஸ்க் பிரேக் சைக்கிளில் எந்த ஸ்பிரேயும் ஆபத்து. காற்றில் மிதந்து வரும் ஒரு துளி டிஸ்க்கில் பட்டாலே பிரேக் பிடிக்காமல் வழுக்கும்.

டபிள்யூடி-40 பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நீலமும் மஞ்சளும் கலந்த அந்த டப்பா இல்லாத வீடு குறைவு. 1953-ல் அமெரிக்காவின் சான் டியேகோவில் ராக்கெட் கெமிக்கல் என்ற சின்ன நிறுவனம் அதை உருவாக்கியது. அட்லஸ் ஏவுகணையின் வெளித்தகடு துருப்பிடிக்காமல் இருக்க முதலில் பயன்பட்டது. நீரை விரட்டுவதற்கான நாற்பதாவது கலவை என்பதால்தான் அந்தப் பெயர். சாதாரண டப்பாவில் இருப்பதன் முதல் வேலையே நீரை விரட்டுவது. துருவை இளக்கும், பழைய பிசுக்கைக் கரைக்கும். அதோடு உள்ளே இருக்கிற நல்ல எண்ணெயையும் கரைத்துவிட்டு, தான் மெல்லிய படலமாகச் சில நாள் மட்டும் நிற்கும். அதை எண்ணெயாக நினைக்காமல் மருந்தாக வைத்துக்கொண்டால் பெரிய உதவி. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் எத்தனையோ சைக்கிள்கள் நாள்கணக்கில் தண்ணீரில் நின்றன. உறவினர் வீட்டுச் சைக்கிளை அப்படித்தான் மீட்டோம். முதலில் நல்ல தண்ணீரில் சேற்றையும் சாக்கடை நீரையும் கழுவினோம், துணியால் ஒற்றினோம், செயினுக்கு இதை அடித்துச் சுற்றி உள்ளே தங்கிய நீரை வெளியேற்றினோம். ஒரு நாள் காயவிட்டு, துடைத்து, பிறகு எண்ணெய். அந்த மாதிரி முழுகிய சைக்கிளுக்குச் செயினோடு விடக் கூடாது. சக்கர அச்சிலும் பெடல் அச்சிலும் உள்ள குண்டுகளைக் கழற்றிப் புது கிரீஸ் வைக்க வேண்டும், அது கடைக்காரர் வேலை.

எண்ணெயைத் தேர்ந்தெடுப்பதைவிட அதை வைக்கும் விதம் முக்கியம் என்பதை எனக்குக் காட்டியவர் எங்கள் பகுதியில் மரத்தடியில் கடை போட்டிருக்கும் மெக்கானிக். "எவ்ளோ ஊத்தணும்ண்ணே?" என்று கேட்டேன்.

"ஊத்தக் கூடாது தம்பி, வெக்கணும். ஒவ்வொரு உருளைக்கும் ஒரு சொட்டு வெச்சிக்கினே வா. வெளிய வழிஞ்சுதுனா அது செயினுக்கு இல்ல, மண்ணுக்கு."

அவர் செய்வதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்ப்பதில்லை, ஸ்டாண்டில்தான் வைப்பார். செயினில் கழற்றி மாட்டும் லாக் இருக்கும் கண்ணியைக் கண்டுபிடித்துத் தொடக்கமாக வைத்துக்கொள்வார். இடது கையால் பெடலைப் பின்பக்கமாக மெதுவாகச் சுற்ற, வலது கையில் நீண்ட மூக்கு ஆயில் கேன். செயினின் கீழ் ஓட்டத்தில், பல்சக்கரத்தைத் தொடும் உள்பக்கத்தில், உருளையின் மேல் ஒரு சொட்டு. அது இரண்டு பக்கமும் தட்டு இடுக்குக்குள் இழுபட்டு மறையும் வரை அடுத்த உருளைக்குப் போவதில்லை. லாக் திரும்பி வந்ததும் நிறுத்திவிடுவார். பிறகு எண்ணெய் வைக்காமல் சும்மா முப்பது நாற்பது சுற்று. கடைசியாக பனியன் வேஸ்ட்டை நாலாக மடித்து செயினைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு, துணியில் கறை வருவது நிற்கும் வரை சுற்றுவார். இவ்வளவு அக்கறையாக வைத்த எண்ணெயில் பாதியைத் துடைத்து எடுக்கிறாரே என்று தோன்றும். உள்ளே போனது உள்ளேதான் இருக்கிறது, துடைப்பது வெளியே நின்றதை மட்டும்.

வீட்டில் ஆயில் கேன் இல்லாவிட்டால் மருந்துக்கடையில் கிடைக்கும் சிரிஞ்ச் ஒன்று போதும், சொட்டுக் கணக்கு தவறாது. ஊசியைப் போடாமல் பயன்படுத்துங்கள். இரவில் எண்ணெய் வைத்துக் காலையில் துடைப்பது என் வழக்கம். கிளம்பும் அவசரத்தில் வைத்தால் உள்ளே இறங்க நேரம் இல்லாமல் பாதி பேன்ட்டில் தெறிக்கும்.

அழுக்கின் மேலேயே எண்ணெய் வைப்பதால் பயனில்லை. முன்பு எல்லோரும் மண்ணெண்ணெயில்தான் செயின் கழுவுவார்கள். இப்போது ரேஷனில் அது கிடைப்பது அரிது; பலர் டீசலுக்குப் போய்விட்டார்கள். டீசலில் பிசுக்கு போகும், ஆனால் அதுவே ஒரு எண்ணெய்ப் படலத்தை விட்டுச்செல்லும். கழுவிய பிறகு பாத்திரம் தேய்க்கும் திரவத்தை வெந்நீரில் கலந்து இன்னொருமுறை தேய்த்து, நல்ல தண்ணீரில் அலசி, வெயிலில் நன்றாகக் காய வைத்தால்தான் புது எண்ணெய் பிடிக்கும். பெட்ரோல் மட்டும் வேண்டாம், வீட்டுக்குள் அதன் ஆவி ஒரு தீப்பொறிக்குக் காத்திருக்கும். கழுவிய டீசலை மழைநீர்க் கால்வாயில் ஊற்றாதீர்கள். டப்பாவில் மூடி வைத்தால் அழுக்கு அடியில் படியும், மேலே தெளிந்ததை அடுத்த முறையும் பயன்படுத்தலாம். அடியில் மிஞ்சியதை மெக்கானிக் கடையில் பழைய ஆயிலோடு கொடுத்துவிடலாம்.

கடற்கரைச் சாலையில் ஓட்டி வந்த அன்றே ஈரத்துணியால் செயினைத் துடைத்து, பிறகு உலர்ந்த துணியால் ஒருமுறை துடைப்பது, எந்த விலையுயர்ந்த லூபையும்விட என் செயினுக்கு ஆயுள் கொடுத்திருக்கிறது. உப்பு நீரில் கரையும், எண்ணெயில் கரையாது. உப்பின் மேலேயே எண்ணெய் வைத்தால் அதை மூடி உள்ளே வைத்ததுபோல்தான். உலர்ந்த துணிக்கு முன் ஈரத்துணி என்பதன் காரணம் இதுவே.

ஞாயிற்றுக்கிழமை ரோடு பைக்குக்கு நான் மெழுகு பயன்படுத்துகிறேன். சொட்டு மெழுகு பாட்டில்கள் இருக்கின்றன; தண்ணீரில் கலந்து வருபவை சென்னைக் காற்றில் காய ஓர் இரவாவது ஆகும். நான் செய்வது உருக்கி முக்குவது. செயினைக் கழற்றி, ஆலை கிரீஸ் துளியும் இல்லாமல் கழுவிக் காய வைத்து, பாரஃபின் மெழுகில் முக்க வேண்டும். மெழுகு ரகத்தைப் பொறுத்து 50 முதல் 65 டிகிரி செல்சியசுக்குள் உருகும். அடுப்பில் நேராக வைக்கக் கூடாது, தீப்பிடிக்கும். கொதிக்கும் தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து அதில் உருக்க வேண்டும். அந்தப் பாத்திரம் இனி சமையலுக்கு ஆகாது என்பதால் முதலிலேயே பழைய பாத்திரத்தை ஒதுக்கிக்கொள்ளுங்கள். செயினை உள்ளே விட்டு அலசும்போது குமிழ்கள் மேலே வரும், அது பின்னுக்குள் இருந்த காற்று. குமிழ் நின்றதும் எடுத்துத் தொங்கவிட்டால் ஆறி விறைத்துவிடும். ஒவ்வொரு கண்ணியாக மடக்கி இளக்கிய பிறகு மாட்ட வேண்டும். அப்புறம் மாமல்லபுரம் போய் வந்தாலும் செயினைத் தொட்டால் விரலில் கறை ஒட்டாது, மணலும் ஒட்டாது. அந்தச் சுத்தமும் சத்தமின்மையும் ஓட்டுகிறவருக்கு எவ்வளவு சந்தோஷம் என்பதை ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும்.

ஆனால் மெழுகுக்கு மழை ஆகாது. ஒருமுறை நனைந்தாலே அன்றே துடைத்துக் காய வைத்து மறுபடி முக்க வேண்டும், இல்லையென்றால் துரு வெகு சீக்கிரம் வரும். சென்னையின் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையில்தான் கொட்டுகிறது. ஐப்பசி பிறக்கும் முன் மெழுகுச் செயினைக் கழற்றிப் பையில் கட்டி வைத்துவிட்டு, எண்ணெய் போட்ட இரண்டாவது செயினை மாட்டிவிடுகிறேன், தை வரை அதுதான் ஓடும். ஒரே செயினில் மெழுகையும் எண்ணெயையும் மாற்றி மாற்றிப் போட முடியாது. எண்ணெய்ப் பிசுக்கின் மேல் மெழுகு பிடிக்காது. இரண்டு செயின் இருந்தால் ஒவ்வொருமுறையும் முழுக்கக் கழுவும் வேலை மிச்சம்.

அப்பாவின் ஹெர்குலிஸ் இந்தக் கவலைகள் எதற்கும் அப்பாற்பட்டது. அம்பத்தூரில் டிஐ சைக்கிள்ஸ் செய்த வண்டி. செயின் முழுவதையும் மூடும் தகரக் கவர். உள்ளே மண்ணும் போகாது, மழையும் அவ்வளவாகப் படாது. மண் வராத இடத்தில் கெட்டி எண்ணெயால் கெடுதல் இல்லை. நான் முன்பு சொன்ன புது இன்ஜின் ஆயில் சரிப்படுவது இங்கேதான். அப்பா 20டபிள்யூ-40 ஆயிலைக் கவரின் சின்னத் திறப்பு வழியாக ஒவ்வொரு உருளையாக வைத்துச் சுற்றிவிடுவார். பிறகு மாதக்கணக்கில் அதை மறந்துவிடலாம். "பாதிக் கவர் வண்டிக்கு இதப் போடாதடா, மண்ணு அப்பிக்கும்" என்பார் என்னிடம்.

எப்போது மறுபடி எண்ணெய் வைப்பது என்பதற்கு நாள் கணக்கு வைத்துக்கொள்வதில்லை. என் வேலைச் சைக்கிளில் இளகிய வெட் லூப் இருநூறு கிலோமீட்டர் வாக்கில் வறண்டுவிடுகிறது. மழையில் ஓட்டினால் அதில் பாதிகூட நிற்காது. காது முதலில் சொல்லிவிடும். சத்தமில்லாமல் போய்க்கொண்டிருந்தது மேம்பாலம் ஏறும்போது மட்டும் கரகரவென்று தொடங்கும். கீச்சிடும் வரை காத்திருந்தால் பின் ஏற்கெனவே தேயத் தொடங்கியிருக்கும். செயினைக் கழற்றி மாட்டும்போது இன்னொன்றையும் பாருங்கள். பழைய மாதிரிச் செயின்களில் லாக் ஒரு சின்ன கிளிப்பாக இருக்கும், அதன் ஒரு முனை திறந்தும் மறுமுனை மூடியும் இருக்கும். மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்க்க வேண்டும். மேல் ஓட்டத்தில் என்றால் அது முன் சக்கரத்தைப் பார்க்கும். திருப்பி மாட்டினால் எதிலாவது இடறிக் கிளிப் கழன்றுவிடும், சர்தார் படேல் சாலையில் பேருந்துகளுக்கு நடுவே செயின் அறுந்து நிற்பது நல்லதல்ல.